கப்பலுக்கு ஒரு கோடு உண்டு, நம் லாரிக்கு?



சரக்கு விஷயமாகத் தூத்துக்குடி, சென்னைத் துறைமுகங்களுக்குப் போய் வந்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். ஒவ்வொரு சரக்குக் கப்பலின் பக்கவாட்டிலும், நடுப்பகுதியில், ஒரு வட்டம் வரைந்திருக்கும். அந்த வட்டத்தின் குறுக்கே படுக்கையாக ஒரு கோடு. அருகிலேயே ஏணிப்படி போலச் சில சிறு கோடுகளும் எழுத்துக்களும் இருக்கும். கம்பெனியின் முத்திரை என்று நாமும் பல வருஷம் நினைத்திருந்தோம். அது முத்திரை அல்ல. "இந்தக் கோடு தண்ணீரில் மூழ்கும் அளவுக்கு ஏற்றாதே" என்று கப்பலுக்குப் போட்ட வேலி அது. அதன் பெயர் பிளிம்சால் கோடு.

நாம் விற்கும் பட்டாணியும், வெளிநாட்டுத் துவரையும், பாமாயிலும் இந்தக் கோட்டின் காவலில்தான் கடல் தாண்டி வருகின்றன. அந்தக் கோடு சும்மா வரவில்லை. பல கப்பல்கள் மூழ்கிய பிறகு, பல குடும்பங்கள் தெருவுக்கு வந்த பிறகு, நம்மைப் போன்ற ஒரு வியாபாரி பிடிவாதம் பிடித்ததால் வந்தது. அந்தக் கதையை எழுதுவதில் நமக்கு ஒரு உள்நோக்கம் உண்டு. அதைக் கடைசியில் மறைக்காமல் சொல்கிறோம்.

"லண்டன்" என்ற கப்பல்

விக்டோரியா மகாராணி காலத்தில், 1864ஆம் ஆண்டு, லண்டன் மாநகரத்துப் பிளாக்வால் கப்பல் பட்டறையில் "லண்டன்" என்ற பெயரிலேயே ஒரு நீராவிக் கப்பல் கட்டப்பட்டது. 1,600 டன்னுக்கு மேற்பட்ட இரும்புக் கப்பல். நீராவி இயந்திரமும் உண்டு, பாய்மரங்களும் உண்டு. மணி விக்ரம் அண்ட் சன்ஸ் என்ற பெயர் பெற்ற கம்பெனி அதன் உரிமையாளர். ஆஸ்திரேலியாவில் தங்கம் கிடைத்து, ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் போய்க் கொண்டிருந்த காலம் அது. லண்டனுக்கும் மெல்போர்னுக்கும் இடையே ஆளையும் சரக்கையும் ஏற்றிச் செல்வதே இந்தக் கப்பலின் தொழில். புதுக் கப்பல், நல்ல கம்பெனி, அனுபவசாலியான கேப்டன் மார்ட்டின். டிக்கெட் வாங்கியவர்கள் பயப்படக் காரணம் எதுவும் இல்லை.

1865 டிசம்பரில் அது தன் கடைசிப் பயணத்தைத் தொடங்கியது. அடித்தட்டில் ரயில்வேக்கான இரும்பு மட்டும் 345 டன் இருந்ததாகப் பின்னால் பேசப்பட்டது. நிலக்கரி அறை நிரம்பிய பிறகும் மிச்சமிருந்த சுமார் 50 டன் நிலக்கரியை மேல்தளத்திலேயே போட்டிருந்தார்கள். தேம்ஸ் நதியில் அந்தக் கப்பல் தாழ்ந்து போவதைக் கரையிலிருந்து பார்த்த ஒரு மாலுமி, இதற்கு இதுவே கடைசிப் பயணம் என்று அப்போதே சொன்னதாக ஒரு செய்தி உண்டு. மூட்டை தூக்குபவருக்கு வண்டியைப் பார்த்தவுடனே தெரிந்து விடுவது போலத்தான் இதுவும். முதலாளிக்குக் கணக்குத் தெரியும். தொழிலாளிக்குப் பாரம் தெரியும்.

வழியில் வானிலை கெட்டதால் தாமதமாகி, பிளிமத் துறைமுகத்தில் நின்று, 1866 ஜனவரி முதல் வாரத்தில் அங்கிருந்து புறப்பட்டது. பிஸ்கே வளைகுடாவில் பெரும் புயல் பிடித்தது. பாய்மரங்கள் முறிந்தன. உயிர்காக்கும் படகுகள் சிலவற்றை அலை கொண்டு போயிற்று. கேப்டன் பிளிமத்துக்கே திரும்பி விடலாம் என்று 10ஆம் தேதி கப்பலைத் திருப்பினார்.

அன்று இரவு ஒரு பேரலை மேல்தளத்தில் ஏறி, இயந்திர அறையின் மேல் மூடியைப் பெயர்த்தெறிந்து விட்டது. அந்தத் திறப்பு வழியே கடல் உள்ளே கொட்டியது. பாய்களையும் மெத்தைகளையும் போட்டு அடைத்துப் பார்த்தார்கள். நிற்கவில்லை. தண்ணீர் ஏறி அடுப்புகள் அணைந்தன. அடுப்பு அணைந்தால் நீராவி இல்லை. நீராவி இல்லை என்றால் இயந்திரம் ஓடாது. இயந்திரம் ஓடாத கப்பல் அலைக்கு முகம் கொடுத்து நிற்க முடியாது. அலை அதைப் பக்கவாட்டில் போட்டு அடிக்கும். ஒன்று போனதும் அடுத்தது, அடுத்தது போனதும் அதற்கடுத்தது. கடன் கட்ட முடியாத கடை மூழ்குவதும் இதே வரிசையில்தான் என்பது நமக்குத் தெரியாததல்ல.

11ஆம் தேதி பிற்பகலில் "லண்டன்" மூழ்கியது. கப்பலில் இருந்த ஜி.வி. புரூக் என்ற புகழ்பெற்ற நாடக நடிகர் கடைசி வரை பம்ப் அடித்துத் தண்ணீர் இறைத்துக் கொண்டிருந்தார் என்று உயிர் பிழைத்தவர்கள் சொன்னார்கள். இறக்கிய படகு ஒன்று கடலைத் தொட்டவுடனே நீரில் அமிழ்ந்தது. மற்றொரு படகில் 19 பேர் மட்டும் தப்பினார்கள். அவர்களில் 16 பேர் கப்பல் சிப்பந்திகள், 3 பேர் பயணிகள். கேப்டன் மார்ட்டின் அவர்களுக்குப் போக வேண்டிய திசையைச் சொல்லி அனுப்பிவிட்டுத் தாம் கப்பலிலேயே நின்று விட்டார். மறுநாள் ஒரு இத்தாலியக் கப்பல் அந்தப் படகைக் கண்டெடுத்தது. கப்பலோடு மூழ்கியவர்கள் 200 பேருக்கு மேல்.

யார் குற்றம்?

அரசாங்க விசாரணை நடந்தது. காரணங்களாக மூன்று விஷயங்கள் பேசப்பட்டன. புயலின் கடுமை குறையும் பக்கம் போகாமல் கேப்டன் திரும்பியதால் மறுபடியும் அதன் வாய்க்குள்ளேயே போனார் என்பது ஒன்று. இரும்புப் பாரம் அதிகம் என்பது இரண்டாவது. மேல்தளத்தில் கிடந்த நிலக்கரி, அலையில் கரைந்து ஓடி, தண்ணீர் வடியும் துவாரங்களை அடைத்துக் கொண்டது என்பது மூன்றாவது. மாடியில் மழைநீர்க் குழாயைச் சருகு அடைத்துக் கொண்டால் என்ன ஆகும் என்று நாம் அறிவோம். வந்த தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் மேல்தளத்திலேயே தங்கிப் பாரத்தை மேலும் கூட்டியது.

இதில் நாம் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அன்றைக்கு ஒரு கப்பலில் இவ்வளவுதான் ஏற்றலாம் என்று சொல்லும் சட்டமே இங்கிலாந்தில் இல்லை. 1835 வாக்கில் லாய்ட்ஸ் வகுத்த ஒரு கணக்கு மட்டும் இருந்தது. சரக்கறையின் ஆழம் ஒரு அடி என்றால், நீர்மட்டத்துக்கு மேல் கப்பலின் பக்கம் மூன்று அங்குலம் நிற்க வேண்டும். 20 அடி ஆழத்துக்கு 60 அங்குலம், அதாவது ஐந்து அடி. ஆனால் அது யோசனை மட்டுமே. கேட்டால் கேட்கலாம், விட்டால் விடலாம். ஆகவே அதிகப் பாரம் ஏற்றியவர் யாராக இருந்தாலும், அவர் சட்டத்தை மீறவில்லை. சட்டத்துக்கு முன் குற்றம் இல்லை. 200 குடும்பங்களுக்கு முன்?

நொடித்துப் போன ஒரு நிலக்கரி வியாபாரி

இந்த இடத்தில்தான் சாமுவேல் பிளிம்சால் வருகிறார். 1824இல் பிரிஸ்டல் நகரில் பிறந்தவர். இவர் மாலுமி அல்ல, கப்பல் முதலாளியும் அல்ல. நிலக்கரி வியாபாரி. 1850களில் லண்டனுக்கு வந்து நிலக்கரி மொத்த வியாபாரம் தொடங்கி, நொடித்துப் போய், சில காலம் ஏழைகளோடு ஏழையாகக் கூலி விடுதியில் வாழ்ந்தார். பிறகு அதே நிலக்கரித் தொழிலில் மீண்டும் எழுந்து பணக்காரர் ஆனார். பணம் வந்த பிறகும் விடுதியில் தம்மோடு படுத்திருந்தவர்களை மறக்கவில்லை என்பதே இவருடைய பெருமை. 1868இல் டெர்பி தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குப் போனார்.

பாரக் கோடு வேண்டும் என்று முதலில் கேட்டவர் பிளிம்சால் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். டைன் நதிக்கரையைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹால் என்பவர் 1860களிலேயே அதற்காகக் குரல் கொடுத்தார். அவர் கப்பல் முதலாளி. தொழிலுக்குள் இருந்தே ஒருவர் "நம்மவர்கள் செய்வது சரியில்லை" என்று எழுந்து பேசினார். அந்தக் குரலைத்தான் பிளிம்சால் பாராளுமன்றத்துக்குக் கொண்டு போனார்.

அன்றைய நிலைமை மிகக் கொடுமையானது. பழைய, ஓட்டைக் கப்பல்களில் அளவுக்கு மீறி ஏற்றி, நிறைய இன்சூரன்ஸ் போட்டு அனுப்புவார்கள். போய்ச் சேர்ந்தால் வாடகை லாபம்; மூழ்கினால் இன்சூரன்ஸ் பணம். ஜனங்கள் அவற்றுக்குச் சவப்பெட்டிக் கப்பல்கள் என்று பெயர் வைத்தார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்ட மாலுமி, கப்பலைப் பார்த்து பயந்து ஏற மறுத்தால், அவருக்குச் சிறைத் தண்டனை. இப்படி நூற்றுக்கணக்கானவர்கள் சிறைக்குப் போனார்கள். கடலில் சாவதைவிடச் சிறை மேல் என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

1873இல் பிளிம்சால் மாலுமிகளுக்காக ஒரு புத்தகம் எழுதினார். ஊரே அதைப் படித்தது. அவசரத்தில் சில தவறான விபரங்களையும் அதில் எழுதி, அவதூறு வழக்குகளைச் சந்தித்தார் என்பதும் உண்மை. 1875 ஜூலை 22ஆம் தேதி, கப்பல் பாதுகாப்பு மசோதாவை அரசாங்கம் கைவிடப் போகிறது என்று பிரதமர் டிஸ்ரேலி சபையில் அறிவித்ததும், பிளிம்சால் பொறுக்க முடியாமல் எழுந்து, கையை ஓங்கி, உறுப்பினர் சிலரை அயோக்கியர்கள் என்று கூவி விட்டார். ஒரு வாரம் கழித்துச் சபையில் மன்னிப்புக் கேட்டார். பேச்சுக்குத்தான் மன்னிப்பு, கோரிக்கைக்கு அல்ல. வெளியே ஜனங்கள் அவர் பக்கம் நின்றார்கள். அந்த ஆண்டே ஒரு தற்காலிகச் சட்டம் வந்தது. 1876இல் நிரந்தரச் சட்டம் வந்தது. கப்பல்களில் பாரக் கோடு போட வேண்டும் என்று ஆனது.

கோடு வந்தது, இடம் யார் கையில்?

இனிமேல்தான் வேடிக்கை. 1876 சட்டம் கோடு போடச் சொன்னதே ஒழிய, எந்த இடத்தில் போட வேண்டும் என்று சொல்லவில்லை. அதை முதலாளியின் இஷ்டத்துக்கு விட்டு விட்டது. ஒரு கேப்டன் தன் கப்பலின் புகைபோக்கியில் கோடு போட்டுக் கொண்டார் என்று கூட ஒரு கதை சொல்வார்கள். கதையோ நிஜமோ, சட்டப்படி அதைத் தடுக்க வழியில்லை. தராசு வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் போட்டு, படிக்கல்லை அவரவர் வீட்டிலேயே செய்து கொள்ளலாம் என்று விட்டது போல ஆயிற்று.

கோட்டை எதிர்த்தவர்கள் சொன்ன காரணங்களையும் பார்க்க வேண்டும். அவை நமக்குப் பழக்கமான காரணங்கள்தான். "ஒவ்வொரு கப்பலும் ஒவ்வொரு விதம், எல்லாவற்றுக்கும் ஒரே கோடு எப்படிப் பொருந்தும்?" என்றார்கள். "எங்கள் கப்பலின் பலம் எங்களுக்குத் தெரியாதா?" என்றார்கள். "நாங்கள் குறைவாக ஏற்றினால், வெளிநாட்டுக் கப்பல்காரன் அதிகம் ஏற்றி, மலிவு வாடகையில் எங்கள் வியாபாரத்தைக் கொண்டு போய் விடுவான்" என்றார்கள். கடைசிக் காரணத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒருவன் மட்டும் ஒழுங்காக இருந்தால் அவனுக்குத்தான் நஷ்டம்.

ஒவ்வொன்றுக்கும் பதில் கிடைத்தது. ஆனால் காலம் எடுத்தது. ஒவ்வொரு கப்பலின் நீளம், ஆழம், கட்டுமானம் பார்த்துத் தனித்தனியே கணக்குப் போடும் அட்டவணைகளை லாய்ட்ஸ் ரெஜிஸ்டர் வகுத்தது. அந்தக் கணக்கின்படிதான் கோடு போட வேண்டும் என்று 1890இல் சட்டம் வந்தது. ஆக, கோடு வந்த பிறகு அது சரியான இடத்துக்கு வந்து சேர 14 வருஷம் ஆயிற்று. பிரிட்டிஷ் துறைமுகங்களுக்கு வரும் வெளிநாட்டுக் கப்பல்களுக்கும் 1906 சட்டம் அதை விரித்தது. 1930இல் உலக நாடுகள் கூடி ஒப்பந்தம் செய்தன. 1966 ஒப்பந்தம் அதற்கு அடுத்தது. பிளிம்சால் 1898இல் காலமாகி விட்டார். ஆனாலும் உலகம் முழுவதும் கோட்டின் பெயர் அவர் பெயராகவே நிற்கிறது.

கோட்டின் பக்கத்தில் உள்ள சிறு கோடுகளுக்கும் அர்த்தம் உண்டு. வெப்ப மண்டலக் கடல், கோடைகாலம், குளிர்காலம், குளிர்கால வட அட்லாண்டிக் என்று தனித்தனி அளவு. புயல் அதிகமுள்ள கடலுக்கும் காலத்துக்கும் குறைவான பாரம். ஆற்று நீருக்கு வேறு கோடு. உப்புத் தண்ணீரில் முட்டை மிதக்கும், நல்ல தண்ணீரில் மூழ்கும் என்பது ஊறுகாய் போடும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கப்பலும் அப்படியே, ஆற்று நீரில் சற்று அதிகம் அமிழும், கடலுக்கு வந்ததும் எழும். அதற்கும் கணக்குப் பார்த்து இடம் விட்டிருக்கிறார்கள். ஏற்றக்கூடிய பாரம் சரக்கை மட்டும் பொறுத்ததல்ல, போகும் வழியையும் பொறுத்தது என்பதே இதன் தத்துவம்.

நம் கதை

இப்போது நம் உள்நோக்கத்துக்கு வருகிறோம்.

1994ஆம் ஆண்டு, வடக்கேயிருந்து நமது மண்டிக்கு ஒரு லோடு துவரை வர வேண்டியிருந்தது. 10 டன் லாரி. பண்டிகைக் காலம், விலை ஏறிக் கொண்டிருந்தது. "வண்டியில் இடம் இருக்கிறதே, இன்னும் 30 மூட்டை போட்டு அனுப்புங்கள்" என்று போனில் சொன்னவர் வேறு யாருமல்ல, நாம்தான். அன்று நூறு கிலோ மூட்டை. 30 மூட்டை என்றால் 3 டன். டிரைவர் முனகியதாக ஏற்றி விட்டவர் சொன்னார். "பார்த்துப் போகச் சொல்லுங்கள்" என்று சொல்லி போனை வைத்து விட்டோம்.

ஒரு மலைப்பாதை இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. லாரி பாறையில் மோதிச் சாய்ந்தது. டிரைவர் தப்பினார். பத்தொன்பது வயதுக் கிளீனர் பையன் மூட்டைகளுக்கு அடியில் சிக்கி ஒரு காலை இழந்தார். சரக்குக்கு இன்சூரன்ஸ் வந்தது. நமக்கு நஷ்டம் இல்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கொஞ்சம் கொடுத்தோம். அதைப் பார்த்தவர்கள் நம்மைத் தர்மவான் என்றார்கள்.

அந்தத் தம்பி பிறகு நம் வட்டாரத்திலேயே பெட்டிக்கடை வைத்தார். இன்றும் நமது மண்டியில்தான் சரக்கு எடுக்கிறார். பாக்கி வைப்பதில்லை. பொங்கலுக்குக் குடும்பத்தோடு வந்து, "முதலாளி, அன்று நீங்கள் உதவியிருக்காவிட்டால்" என்று கண் கலங்குவார். அந்த 30 மூட்டையை ஏற்றச் சொன்னது யார் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை, நாமும் சொன்னதில்லை. இந்த இதழ் அவர் கடைக்கும் போகிறது. இந்தப் பக்கத்தை அவர் படிப்பார். நேரில் சொல்ல இத்தனை வருஷமாகத் துணிவு வராததால் எழுத்தில் சொல்கிறோம். அதன் பிறகு நேரிலும் போவோம்.

46 பைசா கணக்கு

உணர்ச்சியை ஒதுக்கி வைத்துவிட்டு, நம் வழக்கப்படி கணக்குப் பார்ப்போம். உதாரணத்துக்கு ஒரு லாரி வாடகை ரூ.20,000 என்று வைத்துக் கொள்வோம். சட்டப்படி 10 டன் ஏற்றினால் கிலோவுக்கு 2 ரூபாய் வாடகை விழும். 13 டன் ஏற்றினால் கிலோவுக்கு சுமார் 1 ரூபாய் 54 பைசா. மிச்சம் 46 பைசா. நூறு ரூபாய்க்கு மேல் விற்கும் ஒரு கிலோ பருப்பில் 46 பைசா மிச்சம் பிடிப்பதற்காகத்தான் டிரைவர், கிளீனர், எதிரே வரும் பஸ், சாலையோரம் நடப்பவர் எல்லோரையும் பணயம் வைக்கிறோம்.

சட்டத்தையும் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 194ஆவது பிரிவு 2019இல் திருத்தப்பட்டது. அதிகப் பாரம் ஏற்றினால் அபராதம் ரூ.20,000, அதற்கு மேல் கூடுதல் பாரத்தில் ஒவ்வொரு டன்னுக்கும் ரூ.2,000. மேலே சொன்ன 3 டன்னுக்கு 20,000மும் 6,000மும் சேர்ந்து ரூ.26,000. லாரி வாடகையை விட அபராதம் அதிகம். அத்துடன் கூடுதல் சரக்கை இறக்கும் கூலியும் கட்ட வேண்டும். இறக்காமல் வண்டி நகரக் கூடாது. ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்டச் செய்தவரும் பொறுப்பு.

"அளவு போதவில்லை" என்ற குறையும் பழையது. 2018இல் மத்திய அரசு இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை வரம்பை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்த்தியது. அதோடு அதிகப் பாரம் நின்று விட்டதா? புதுக் கோட்டுக்கு மேலும் ஏற்றுகிறவர் ஏற்றிக் கொண்டுதான் இருக்கிறார். கோட்டை உயர்த்துவதால் ஆசை அடங்காது. மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் சொல்லிவிட்டுப் போனார். நாம் ஏற்றுவது மயிலிறகும் அல்ல.

"லாரிக்காரர் பொறுப்பு, நமக்கென்ன?" என்று சிலர் கேட்கலாம். மூட்டைக்கு வாடகை பேசுவது நாம். "அந்த டிரான்ஸ்போர்ட்காரர் பதினைந்து மூட்டை அதிகம் போடுகிறாரே" என்று போட்டி மூட்டி விடுவது நாம். ஒழுங்காக ஏற்றும் லாரிக்காரரைக் கட்டுப்படியாகாமல் செய்வதும் நாம்தான். இங்கிலாந்துக் கப்பல் முதலாளிகள் வெளிநாட்டுக்காரனைக் காட்டிப் பேசியது போலவே, நாம் அடுத்த ஊர் மண்டியைக் காட்டிப் பேசுகிறோம். ஒருவர் மட்டும் நிறுத்தினால் அவருக்கு நஷ்டம் என்பது சரி. ஆகவேதான் எல்லோரும் சேர்ந்து நிறுத்த வேண்டும்; சங்கம் என்று ஒன்று இருப்பதே அதற்குத்தான்.

நம் யோசனைகள்

அடுத்த பொதுக்குழுவில் கீழ்க்கண்டவற்றைத் தீர்மானமாகக் கொண்டு வர வேண்டும் என்று கேட்டுக் கொள்கிறோம்.

ஒன்று: உறுப்பினர் எவரும் லாரியின் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடைக்கு மேல் ஏற்றச் சொல்லக் கூடாது. மூட்டைக் கணக்கில் வாடகை பேசுவதை விட்டு, அனுமதித்த எடைக்கு முழு லாரி வாடகை பேச வேண்டும்.

இரண்டு: வரும் சரக்குக்குப் பில்டியோடு எடை மேடைச் சீட்டும் வாங்கி வைக்க வேண்டும். பில்டியில் ஒரு எடை, வண்டியில் ஒரு எடை என்ற பழக்கம் ஒழிய வேண்டும். பொய் எடை எழுதிய சரக்குக்கு விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கேட்டுப் போகும்போது நாமே மாட்டிக் கொள்வோம்.

மூன்று: குடோன் சுவரில் ஒரு கோடு போடுங்கள். அட்டி அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. உச்சி மூட்டை சரிந்தால் அடியில் நிற்பவர் நம் சுமைதூக்கும் தொழிலாளிதான். கோட்டை எங்கே போடுவது என்று அந்தத் தொழிலாளியையே கேளுங்கள். தேம்ஸ் நதிக்கரை மாலுமியைப் போல, அவருக்குத் தெரியும்.

நான்கு: சிறு மளிகைக் கடைக்காரர்களுக்கு இதனால் வாடகைச் சுமை கூடும் என்ற அச்சம் வேண்டாம். கிலோவுக்கு அரை ரூபாய்க்கும் கீழேதான் வித்தியாசம். அதையும் மொத்த வியாபாரிகள் பாதி ஏற்றுக் கொள்ள வேண்டும். நமது மண்டி அதற்குத் தயார் என்று இங்கேயே எழுதிக் கொடுக்கிறோம்.

தீர்மானம் போட்டதும் எல்லாம் மாறி விடாது. 1876 சட்டம் போல, கோட்டை அவரவர் இஷ்டத்துக்குப் போட்டுக் கொள்ளும் அபாயம் இங்கும் உண்டு. ஆகவே எடைச் சீட்டைச் சரிபார்க்க மூன்று பேர் கொண்ட குழு ஒன்றைச் சங்கம் அமைக்க வேண்டும். மூவரில் ஒருவர் சில்லறைக் கடைக்காரராக இருக்கட்டும்.

ஒரு காலுக்குப் பதில் கோடு போட்டால் கணக்குச் சரியாகாது என்பது நமக்குத் தெரியும். ஆனால் அடுத்த லாரியில் ஒரு கிளீனர் பையன் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கும் ஒரு வீடு இருக்கிறது. "இன்னும் 30 மூட்டை" என்று சொல்லப் போன் எடுக்கும்போது, அந்தப் பையன் முகத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். நாம் அன்று நினைக்கவில்லை.

வாசக அன்பர்கள் தங்கள் கருத்துக்களை, மாற்றுக் கருத்தானாலும் சரி, சங்கத்துக்கு எழுதும்படி வேண்டுகிறோம்.